காய்ச்சல் என்று எழுதியவர்

தன்வரலாறு என்று எந்தப் புத்தகம் வந்தாலும் அந்த நர்ஸம்மா அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க மாட்டார். நடுவில் எங்காவது பிரிப்பார். பத்துப் பக்கம் முன்னே, இருபது பக்கம் பின்னே என்று தள்ளிக்கொண்டே போவார். அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நின்றபடி கால் மணி நேரம் இப்படிப் புரட்டிவிட்டு என் மேசைக்கு வருவார்.

"இந்த மனுசன் ஒரு தப்பும் பண்ணலியாம்மா. அறுவது வருசத்துல ஒரு நாளுகூட," என்பார். புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்.

வேறொரு நாள், "இதப் பதிஞ்சு குடு. இந்தம்மா நாத்தனாரப் பட்டினி போட்டத எழுதியிருக்கா. கடைசி வரைக்கும் படிக்கணும்," என்பார். அன்று அவர் முகம் வேறு மாதிரி இருக்கும்.

அப்போது நான் அரியலூரில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன். வாடகைக் கட்டடம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டின் மேலேயே இருந்ததால் காலையில் துடைத்த புத்தகம் சாயங்காலத்துக்குள் வெளுத்துவிடும். மழை வந்தால் சரியாக வரலாற்று அலமாரிக்கு மேலே ஒழுகும். அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, அடுத்த வருஷமே மறுபடி பெரம்பலூரோடு சேர்த்திருந்தார்கள். என் டிராயரில் இரண்டு மாவட்டத்து ரப்பர் ஸ்டாம்பும் கிடந்தன.

நர்ஸம்மாவை எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டவுனிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலை. ஐந்தரை மணி பஸ்ஸில் இறங்கி நேரே நூலகத்துக்கு வருவார். கதைப் புத்தகம் பக்கம் போகவே மாட்டார். வரலாறு, இல்லையென்றால் யாராவது தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியது. புதுப் புத்தகக் கட்டு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், நான் பதிவேட்டில் ஏற்றி முடிக்கும் வரைக்கும் எதிரில் நிற்பார்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டக் கூட்டம் நடக்கும். அதில் கால் மணி நேரம் சிஸ்டருக்கு. அந்த மாதம் வந்த புத்தகங்களில் எதைப் படிக்கலாம், எதைப் படிக்க வேண்டாம் என்று சொல்வார். மறுநாள் அவர் சொன்னதை நான் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். அந்தப் பட்டியலைப் பார்த்துப் புத்தகம் கேட்க வருகிறவர்கள் முப்பது நாற்பது பேராவது இருந்தார்கள்.

ஒரு கூட்டத்தில் இரண்டு வரலாற்றுப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று அரச பரம்பரை பற்றிக் கெட்டி அட்டையில் வந்த பெரிய புத்தகம். இன்னொன்று ஏரி, மதகு, வாய்க்கால் பற்றிய சின்னப் புத்தகம்.

"இந்தப் பெரிய புத்தகத்துல ஒரு எடத்துலகூட 'தெரியல'ங்கிற வார்த்தை இல்லீங்க. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி ராசா என்ன நெனச்சாருன்னுகூட இவருக்குத் தெரிஞ்சிருக்கு. வேண்டாம். இந்தச் சின்னதுல, ஏரிய வெட்டச் சொன்ன ராசா பேரு இருக்கு, மண்ணு சுமந்தவங்க பேரு கெடைக்கலன்னு எழுதியிருக்காரு. தேடிப் பாத்தேன், கெடைக்கலங்கிறாரு. இத எடுங்க."

முன்வரிசையில் இருந்த ஒரு வாத்தியார், அந்தப் பெரிய புத்தகத்தை எழுதியவர் எவ்வளவு பெரிய அறிஞர் தெரியுமா என்று எழுந்தார். "தெரியாதுங்க. நான் புத்தகத்ததான் படிச்சேன்," என்று சொல்லிவிட்டு சிஸ்டர் உட்கார்ந்துவிட்டார்.

வேலையிலும் அப்படித்தான். தடுப்பூசி போடும் நாளில் ஒருமுறை அவரோடு போயிருந்தேன். மற்ற நர்ஸ்கள் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், வலிக்கவே வலிக்காது என்பார்கள். இவர் நாலு வயசுப் பிள்ளையிடம் குனிந்து, "வலிக்கும்டா. இங்கிருந்து அந்த வேப்பமரத்துக்குப் போற நேரம் வலிக்கும். அப்பறம் போயிரும். போடட்டுமா?" என்றார். பிள்ளை வேப்பமரத்தைப் பார்த்தது. கையை நீட்டியது.

அவருடைய இந்தக் குணத்தில் எனக்குக் கொஞ்சம் பயமும் உண்டு. என் மாமியாருக்குச் சர்க்கரை. காலில் புண் வந்து ஆறாமல் இருந்தது. காட்டிய டாக்டர் எல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்தார். என்னை வெளியே கூப்பிட்டுச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் மாமியார் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"ரெண்டு வெரலு போயிரும்ங்கம்மா. இந்த வாரமே திருச்சிக்குப் போனா ரெண்டோட நிக்கும். தள்ளிப்போட்டா காலயே எடுப்பாங்க."

மாமியார் அழுதார். எனக்கு வந்த கோபத்தில் சிஸ்டருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இரண்டு வாரம் நூலகத்திலும் முகம் கொடுத்துப் பேசவில்லை. திருச்சியில் இரண்டு விரலோடு நின்றது. வீடு திரும்பிய பிறகு மாமியார்தான் சொன்னார்: "அவ ஒருத்திதான் எங்கிட்டப் பேசுனா. மத்தவங்கள்லாம் ஒங்கிட்டப் பேசுனாங்க."

பிறவியிலேயே இப்படி ஒரு ஆள் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

வாசகர் வட்டத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி. பல வருஷம் இந்தப் பக்கத்து ஒன்றியங்களில் பெரிய பொறுப்புகளில் இருந்தவர். எல்லாரும் ஐயா என்பார்கள். நல்ல மனிதர். நூலகத்துக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தவர், மழை ஒழுகும்போது தார்ப்பாய் அனுப்பியவர். தன் வீட்டுப் பக்கத்து மனையில் ஒரு பகுதியை நூலகத்துக்கே எழுதித் தருவதாகவும் சொல்லியிருந்தார். சொந்தக் கட்டடம் வந்துவிடும் என்று நான் எத்தனை நாள் கனவு கண்டிருப்பேன் என்று சொன்னால் சிரிப்பு வரும்.

அவர் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி அச்சடித்தார். ஐந்து பிரதிகளை நூலகத்துக்கு அவரே கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த கூட்டத்தில் அதை அறிமுகப்படுத்த வேண்டும்.

"சிஸ்டரே பேசட்டும்மா. அவங்க சொன்னாத்தான் நாலு பேரு படிக்கிறாங்க," என்றார். அவர் குரலில் எந்தச் சூதும் இல்லை. இன்றுவரை எனக்கு அது புரியவில்லை. மறந்துவிட்டாரா, இல்லை, சிஸ்டர் வாயைத் திறக்க முடியாது என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தாரா?

சிஸ்டர் புத்தகத்தை வாங்கிப் போனது ஒரு திங்கட்கிழமை. புதன்கிழமை காலையில், நான் கதவைத் திறக்கும்போதே படியில் நின்றுகொண்டிருந்தார். லீவு போட்டிருந்தார். உள்ளே வந்ததும் அலமாரிப் பக்கம் போகவில்லை. என் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"படிச்சிட்டேன்," என்றார்.

"எப்படி இருக்கு சிஸ்டர்?"

"சின்ன வயசுல பசியோட பள்ளிக்கூடம் போனத எழுதியிருக்காரு. அது நல்லா இருக்கு. அவரு அப்பாவப் பத்தி எழுதுனதும் நல்லா இருக்கு." புத்தகத்தை என் மேசைமேல் வைத்தார். "ஒரு அத்தியாயம் வாந்தி பேதி வந்த ஊரப் பத்தி. ராப்பகலா அங்கேயே நின்னாராம். ஒரு உசுருகூடப் போகாமக் காப்பாத்தினாராம்."

"நானும் படிச்சேன்."

"அந்த ஊருக்கு அப்ப நான்தாம்மா நர்ஸு. மூணு பேரு செத்தாங்க."

அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். விக்கிரமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அந்தக் காலத்தில் சிஸ்டருக்கு அங்கே வேலை. சாக்கடைக்குள் போகிற குடிதண்ணீர்க் குழாய் உடைந்து ஊர் முழுக்க வாந்தி பேதி. ஆறு வயசுப் பையன் ஒருவன், ஒரு வயசான ஆள், குழந்தை பெற்று இருபது நாளான ஒரு பெண். மூன்று பேர் மூன்று நாளில் போனார்கள். ஐயா ஜீப்பில் வந்தார். நின்றது உண்மை, ஓடியாடி டிரிப்ஸ் பாட்டில் வரவழைத்ததும் உண்மை. நாலாம் நாள் சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, பேதியில் சாவு என்று போனால் பேப்பரில் வரும், எல்லாருக்கும் தலைவலி, சாவு ரிஜிஸ்டரில் வேறு ஏதாவது எழுதிவிடும்மா என்றார்.

"எழுதினேன். பையனுக்குக் காய்ச்சல். பெரியவருக்கு முதுமை. அந்தப் பொண்ணுக்குப் பிரசவத்துக்கப்பறம் ஒடம்பு தேறலன்னு. மூணும் என் கையெழுத்து."

"அவர் சொல்லித்தானே எழுதினீங்க சிஸ்டர்."

"மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். எம்மவளுக்கு அப்பதான் திருச்சியில மாப்ள பேசிட்டிருந்தோம். வூட்டுக்காரரு இல்லாம நான் ஒருத்தியா ஓடிட்டிருந்தேன். ராமநாதபுரம் பக்கம் தூக்கிப் போட்டுருவாங்கன்னு பயம். அவ்வளவுதான் காரணம். வேற ஒண்ணுமில்ல."

வெளியே லாரி ஒன்று போனது. அது போகும்வரை காத்திருந்தார்.

"பேதியில சாவு இல்லன்னு ரிப்போர்ட் போச்சுல்ல? அதனால கொழாய மாத்த ஒருத்தரும் வரல. ஒட்டுப் போட்டுட்டுப் போயிட்டாங்க. அடுத்த மழைக்கு இன்னொரு புள்ள போச்சு. அதுக்கு அப்பறம்தாம்மா நான் இப்படி ஆனேன்."

"ஞாயித்துக்கெழமை என்ன பேசப்போறீங்க?" என்று கேட்டேன்.

"புத்தகத்தப் பத்தித்தான்," என்றார்.

அன்று மதியம் நான் ஐயா வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், சிஸ்டருக்கு ரிட்டயர்மென்ட் இரண்டு வருஷத்தில் இருந்தது, அதைக் காப்பாற்றத்தான் என்று அப்போது சொல்லியிருப்பேன். அந்த மனையும் மனதில் இருந்தது. சிஸ்டருக்கு உடம்பு சரியில்லை, வேறு யாரையாவது பேசச் சொல்லலாமா என்றுதான் ஆரம்பித்தேன்.

ஐயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காபி கொண்டுவரச் சொன்னார்.

"என்ன சொன்னாங்க?"

நான் தரையைப் பார்த்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

"நல்ல அம்மா அவங்க. கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவங்க," என்றார் நிதானமாக. "ஆனா ஒண்ணு யோசிக்கணும். அந்த ரிஜிஸ்டர்ல இருக்கிறது அவங்க கையெழுத்து. என் கையெழுத்து எங்கயும் கெடையாது. அரசாங்க ரெக்கார்டுல பொய் எழுதினேன்னு ஒருத்தர் மேடையில ஏறிச் சொன்னா, அது யாரைப் போயிச் சேரும்? நீங்க வேண்டப்பட்டவங்க. சொல்லிப் பாருங்க." வாசல் வரை வந்து வழியனுப்பினார். "மனை விஷயமா அடுத்த வாரம் பத்திர ஆபீஸ் போலாம்னு இருக்கேன்," என்றும் சொன்னார்.

சாயங்காலம் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ ஏன் போன?" என்று மட்டும் கேட்டார். கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெள்ளிக்கெழம ஒனக்கு லீவுதானே? எங்கூட வா," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போனோம். விக்கிரமங்கலத்தில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை.

"எதுக்கு சிஸ்டர் இப்ப அங்க?"

"ஞாயித்துக்கெழம நாலு பேரு வாயில சுத்தி அவங்க காதுக்குப் போறதுக்கு முன்னாடி, நானே போயிச் சொல்லணும்ல."

செத்துப்போன பெரியவர் வீட்டில் யாரும் இல்லை. பிழைப்புக்குத் திருப்பூர் போய்விட்டார்களாம். குழந்தை பெற்றிருந்த அந்தப் பெண்ணின் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டு மாமனார் ஊரோடு போயிருந்தான். பையனின் அம்மா மட்டும் இருந்தார். கொல்லையில் மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டிக்கொண்டிருந்தார். சிஸ்டரைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க சிஸ்டரு. எத்தன வருசமாச்சு."

சிஸ்டர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் தான் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன், குழாய் ஏன் மாறவில்லை என்று வரிசையாகச் சொன்னார். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"காய்ச்சல்னு எழுதினது எனக்குத் தெரியும்," என்றார் கடைசியில். "அப்பவே ஆபீசுல படிச்சுச் சொன்னாங்க."

சிஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. "தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே?"

"ஒங்கிட்ட என்ன கேக்குறது? நீதான் அவன் வாயத் தொடச்சி விட்டுட்டு உக்காந்திருந்த. ஒனக்குத் தெரியாததா?" அவர் தட்டையின் மேல் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "நாலு தெரு தள்ளி அடுத்த வருசம் இன்னொரு சின்னப் புள்ள போச்சு பாரு, அப்பத்தான் ஒன்ன வெட்டணும்னு இருந்துச்சு."

நான் சிஸ்டர் கையைப் பிடித்தேன். அவர் விடுவித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாடியும் இதச் சொல்லப்போறேன்," என்றார்.

"அந்த ஆளும் இருப்பாரா?"

"இருப்பாரு."

"அப்ப நானும் வரேன்," என்றார் அந்த அம்மா. மறுபடி உட்கார்ந்து அரிவாளை எடுத்துக்கொண்டார். எங்களைப் போகச் சொன்ன மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில்தான் ஏற்பாடு. மாலை, சால்வை, ஐயாவின் உறவுக்காரர்கள், பழைய ஆபீஸ் ஆட்கள். நான் வாசலில் நின்று எல்லாருக்கும் சந்தனம் கொடுத்தேன். பையனின் அம்மா வந்தார். நான் நீட்டிய சந்தனத்தைத் தொடாமல் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சிஸ்டர் யூனிபார்ம் சேலையில் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையில் அவரை அந்தச் சேலையில் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஐயா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். சிஸ்டரும் கும்பிட்டார்.

சிஸ்டர் முறை வந்தது. கையில் குறிப்பு எதுவும் இல்லை. முதலில், பசியோடு பள்ளிக்கூடம் போன அத்தியாயத்தைப் பற்றிச் சொன்னார். அதில் ஒரு இடத்தைப் படித்தும் காட்டினார். ஐயாவின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. மனம் மாறிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"எல்லாரும் இத எடுத்துப் படிங்க. நல்லா எழுதியிருக்காரு," என்றார் சிஸ்டர். "ஆனா பேதி வந்த ஊரப் பத்தி ஒரு அத்தியாயம் இருக்கு. அதுல ஒரு உசுரும் போகலன்னு இருக்கு. அது பொய். மூணு பேரு போனாங்க. அந்தப் பொய்ய மொதல்ல எழுதினது ஐயா இல்ல. நான். அரசாங்க ரிஜிஸ்டர்ல, என் கையால எழுதினேன். அவரு சொன்னாரு, நான் எழுதினேன். அதனால நாலாவதா ஒரு புள்ளயும் போச்சு."

யாரோ, "மைக்க வாங்குப்பா," என்றார்கள். யாரும் எழுந்து வரவில்லை. அப்போது கடைசி வரிசையில் பையனின் அம்மா எழுந்து நின்றார்.

"எம்மவன் பேரு சேகரு," என்றார். "ஆறு வயசு."

அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஐயா ஏற்புரைக்கு எழுந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு இருபது நிமிஷம் பேசினார், தன் அப்பாவைப் பற்றி, ஆசிரியர்களைப் பற்றி, வந்தவர்களுக்கு நன்றி. சிஸ்டர் பேசியதைக் கேட்காதவர் மாதிரி, அந்தக் கால் மணி நேரமே நடக்காத மாதிரி பேசினார். கூட்டமும் அப்படியே கைதட்டியது. சிஸ்டர் கடைசி வரை உட்கார்ந்திருந்து, முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார். அவரோடு ஒருவரும் போகவில்லை. நான் நாற்காலிகளை எண்ணி ஒப்படைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரத்தில் சிஸ்டருக்கு மெமோ வந்தது. விசாரணை வைத்தார்கள். கூட்டத்தில் இருந்தவர்களில் ஆறு பேரைச் சாட்சிக்குப் பெரம்பலூருக்குக் கூப்பிட்டார்கள். அதில் நானும் ஒருத்தி.

விசாரித்த அதிகாரி வயதில் சின்னவர், மரியாதையாகப் பேசினார். "அந்தம்மா சர்வீஸ்ல ஒரு கெட்ட பேரு கெடையாது மேடம். பென்ஷன் போயிரும். அன்னிக்கு மைக் சரியில்ல, தெளிவாக் கேக்கலன்னு உங்களுக்கு முன்னாடி வந்தவங்க எழுதிக் கொடுத்திருக்காங்க. உங்களுக்கு எப்படி?"

பேப்பரை என் பக்கம் தள்ளினார். மைக் சரியாக வேலை செய்யவில்லை, அவர் பேசியது தெளிவாகக் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது நல்ல காரியம் செய்ததாகவே எனக்கு இருந்தது.

சிஸ்டர் அதற்கு முன்பே தன் கைப்பட எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தார். தண்டனை கொடுங்கள், ஆனால் அந்த மூன்று பெயருக்கும் எதிரில் இருப்பதைத் திருத்துங்கள் என்று கேட்டிருந்தார். ஆறு சாட்சிகளும் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டதால், அவர் சொன்னதை உறுதிப்படுத்த ஆள் இல்லை, மன அழுத்தத்தில் பேசியிருக்கிறார் என்று முடித்தார்கள். அந்த ஊரிலிருந்து யாரையும் கூப்பிடவே இல்லை. ஒரு இன்கிரிமென்டை நிறுத்தியதோடு சரி. பென்ஷன் தப்பித்தது. சேகருக்குக் காய்ச்சல்தான் என்று ரிஜிஸ்டரில் இருந்தது, இருந்தபடியே நின்றது.

அதற்குப் பிறகும் சிஸ்டர் ஐந்தரை பஸ்ஸில் இறங்கி நூலகத்துக்கு வந்தார். புத்தகம் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஆனால் எது நன்றாக இருக்கிறது, எது வேண்டாம் என்று என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். கரும்பலகையில் நானே எதையாவது எழுதிப்போட்டேன். மனைப் பேச்சை ஐயா மறுபடி எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் எனக்குப் பெரம்பலூருக்கு மாற்றலானது. சிஸ்டர் ரிட்டயர் ஆகிச் சொந்த ஊரான பாடாலூருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். வழியனுப்பு விழா எதுவும் நடக்கவில்லையாம்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு வெள்ளிக்கிழமை பாடாலூர் போனேன். பஸ்ஸில் அரை மணிக்கும் குறைவுதான். அந்த அரை மணியைக் கடக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஹைவேயிலிருந்து உள்ளே இரண்டாவது தெரு. சிஸ்டர் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். உட்காரச் சொல்லிக் காபி போட்டுக் கொண்டுவந்தார். மகள், பேரன், ரோட்டை நாலு வழியாக்குவது, எல்லாம் பேசினோம். புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

"அன்னிக்கு மைக்கு நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார்.

பையை மறுபடி கீழே வைத்தேன். "நல்லா இருந்துச்சு சிஸ்டர். எல்லாமே கேட்டுச்சு."

"அந்தம்மா பேசினது?"

"அதுவும் கேட்டுச்சு."

அவர் உள்ளே போய் ஒரு முழு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்தார். "அத எழுதிக் குடு."

"இப்ப குடுத்து என்ன ஆகும் சிஸ்டர்? கேஸே முடிஞ்சு போச்சு."

"ஒண்ணும் ஆகாது. எழுது."

எழுதினேன். கூட்டத்தில் அவர் சொன்னது, அந்த அம்மா சொன்னது, விசாரணையில் நான் எழுதிக் கொடுத்தது பொய் என்பது. அரைப் பக்கம்தான் வந்தது. எழுதுவதற்குள் என் பஸ் போய்விட்டது. சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். தேதி போடச் சொன்னார். நாலாக மடித்தார்.

"யாருக்கு அனுப்பப்போறீங்க?"

"அனுப்பல. சேகரோட அம்மாகிட்டக் குடுக்கணும். அவ வூட்ல இருக்கட்டும்."

"அவங்களுக்குப் படிக்கத் தெரியாதே."

"தெரியாது," என்றார் சிஸ்டர். "அதான் அடுத்த வெள்ளிக்கெழம நீயும் வரணும். நீ எழுதினத நீயே படிச்சுக் காட்டு."